திருடுபோவதற்கு முன்பே எழுதி வைக்க வேண்டியவை

என் கேமராப் பை திருடுபோன அன்று நான் அதிலிருந்து பத்தடி தூரத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். ஒரு நிகழ்ச்சியின் நடுவே, மேடையில் நடப்பதை, தொலைவில் இருப்பதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸில் எடுத்துக்கொண்டிருந்த நான், பையை எனக்குப் பின்னால் சுவரோரமாக வைத்திருந்தேன். வேறு லென்ஸ் மாட்டலாம் என்று திரும்பியபோது பை இருந்த இடம் வெறுமையாக இருந்தது. இரண்டாவது கேமரா பாடி (லென்ஸ் நீங்கலான கேமரா), இரண்டு லென்ஸ்கள், ஒரு ஃபிளாஷ், உபரி பேட்டரிகள், அன்று காலை முழுவதும் எடுத்த படங்கள் அடங்கிய மெமரி கார்டுகள் எல்லாம் அதற்குள் இருந்தன. கையில் பிடித்திருந்த கேமராவும் அதில் மாட்டியிருந்த லென்ஸும் மட்டுமே மிஞ்சின.

காப்பீடு எடுத்திருக்கிறோம் என்ற தைரியம் அந்த நேரத்தில் எனக்கு இருந்தது. ஆனால், இறுதியில் வந்து சேர்ந்த தொகை, இழந்த பொருட்களை மறுபடி வாங்கத் தேவைப்பட்டதில் மூன்றில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. காப்பீட்டு நிறுவனம் ஏமாற்றிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் கழித்த ஒவ்வொரு தொகைக்கும் நான் கையெழுத்திட்ட பத்திரத்திலேயே காரணம் எழுதப்பட்டிருந்தது. அதை நான் ஒருமுறைகூட முழுமையாகப் படித்திருக்கவில்லை. திருட்டு ஒரு நிமிடத்தில் நடந்து முடிந்துவிடுகிறது. இழப்பீடு கிடைக்குமா, எவ்வளவு கிடைக்கும் என்பதோ அதற்குப் பல மாதங்களுக்கு முன்பே, நாம் எழுதி வைத்தவற்றாலும் எழுதி வைக்காமல் விட்டவற்றாலும் முடிவாகிவிடுகிறது. அதை விளக்கமாகச் சொல்லவே இந்தப் பதிவு.

இழப்பை மதிப்பிட வந்த சர்வேயர் முதலில் கேட்டது பொருட்களின் வரிசை எண்களை. என்னிடம் அவை இல்லை. பெட்டிகளை எப்போதோ எறிந்துவிட்டேன்; ஒரு லென்ஸின் பில் வெப்பத்தாளில் அச்சடிக்கப்பட்டதாகையால் எழுத்துகள் மங்கி வெள்ளைத் தாளாகிவிட்டிருந்தது. அப்போது சக புகைப்படக்காரர் ஒருவர் சொன்ன யோசனைதான் ஓரளவு காப்பாற்றியது: பழைய படங்களின் மூலக் கோப்புகளைத் திறந்து பாருங்கள் என்றார். டிஜிட்டல் கேமரா ஒவ்வொரு படத்துடனும் எழுதி வைக்கும் எக்ஸிஃப் தகவலில் ஷட்டர் வேகமும் துளை அளவும் மட்டுமல்லாமல், பெரும்பாலான மாடல்களில் கேமராவின் வரிசை எண்ணும் பதிவாகிறது. 2010இல் வெளியான எக்ஸிஃப் 2.3 தரவரையறை, கேமரா பாடியின் எண், லென்ஸின் எண், உரிமையாளர் பெயர் ஆகியவற்றுக்கென்றே தனித்தனி இடங்களை ஒதுக்கியது. அதற்கு முன்பும் பல நிறுவனங்கள் தத்தம் முறையில் இந்த எண்களைக் கோப்பின் உள்ளே எழுதிவந்தன. எக்ஸிஃப்டூல் என்ற இலவச மென்பொருளைக் கொண்டு அவற்றைப் படித்துவிடலாம். மின்னணு இணைப்பு இல்லாத பழைய கைமுறை லென்ஸ்களுக்கு இது உதவாது. சமூக வலைத்தளங்கள் பெரும்பாலும் படங்களை ஏற்றும்போதே இந்தத் தகவல்களை நீக்கிவிடுவதால், அங்கிருந்து இறக்கிய படங்களும் பயன்படாது. ஆகவே ஒவ்வொரு பாடியிலும் ஒவ்வொரு லென்ஸை மாட்டி எடுத்த ஒரு மூலக் கோப்பையாவது அழிக்காமல் வைத்திருப்பது, இந்தத் தொழிலில் இருப்பவர் தமக்கே செய்துகொள்ளும் பேருதவி.

எண்ணைப் பொருளிலேயே பார்த்தும் குறித்துக்கொள்ளலாம். கேமராவில் அது பெரும்பாலும் அடிப்பாகத்தில் இருக்கும். சிலவற்றில் பேட்டரி அறைக்குள்ளோ, சாய்த்துத் திறக்கும் திரைக்குப் பின்னாலோ இருக்கும். லென்ஸில், கேமராவோடு பொருந்தும் வளையமான மவுண்ட்டை ஒட்டிய உருளைப் பகுதியில் தேட வேண்டும். சில கேமராக்களில் எண் பொறிக்கப்படாமல் ஒட்டுத்தாளில் மட்டுமே அச்சாகியிருப்பதையும், கைபட்டுக் கைபட்டு அது தேய்ந்துபோவதையும் கண்டிருக்கிறேன். பொருள் வாங்கிய அன்றே அந்த இடத்தைத் தெளிவாகப் படமெடுத்துவிடுவது நல்லது.

இன்று நான் வைத்திருக்கும் பட்டியல் மிக எளிமையானது. பொருளின் பெயர், வரிசை எண், வாங்கிய தேதி, பில்லின் படம், பொருளின் படம், அதே பொருளைப் புதிதாக வாங்கினால் இன்று ஆகும் விலை, பாலிசியில் அது சேர்க்கப்பட்டுள்ளதா என்ற குறிப்பு ஆகியவை மட்டுமே அதில் உள்ளன. இந்தக் கடைசிக் குறிப்பு எனக்கு மிகவும் விலைகொடுத்துப் பெற்ற பாடம். திருடுபோன இரண்டு லென்ஸ்களில் ஒன்றையும் ஃபிளாஷையும் பாலிசி எடுத்த பிறகே வாங்கியிருந்தேன், நிறுவனத்துக்குத் தெரிவிக்கவில்லை. பொருட்களைப் பெயர் குறித்துப் பட்டியலிடும் வகைப் பாலிசியில், பட்டியலில் இல்லாத பொருள் காப்பீட்டின் கண்ணுக்கு இல்லாத பொருள்தான். ஒரு சிறு கடிதத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது. பட்டியலின் பிரதியை மடிக்கணினியில் மட்டும் வைத்திருப்பவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும்: பையோடு சேர்ந்து மடிக்கணினியும் போகலாம். இணையச் சேமிப்பில் ஒன்றும், நம்பிக்கையான வேறொருவரிடம் ஒன்றும் இருக்கட்டும்.

அடுத்தது மதிப்பு பற்றியது. இதில்தான் பெரும்பாலானோர் தவறுகிறார்கள் என்று நினைக்கிறேன். இதையே சற்று விரிவாகச் சொல்கிறேன். பொருள் தொலைந்தால் எந்த அடிப்படையில் பணம் தருவார்கள் என்பது பாலிசிக்குப் பாலிசி மாறுகிறது. பழைய பொருளுக்கு ஈடாகப் புதிய பொருளின் விலையைத் தருவது ஒரு முறை. முன்கூட்டியே இரு தரப்பும் ஒப்புக்கொண்ட தொகையை அப்படியே தருவது இன்னொரு முறை; இனி உற்பத்தியில் இல்லாத, சந்தையில் விலை ஏறிக்கொண்டிருக்கும் பழைய ஃபிலிம் கேமராக்களையும் லென்ஸ்களையும் வைத்திருப்பவர்களுக்கு இதுவே ஏற்றது. தேய்மானத்தைக் கழித்து, அன்றைய நிலையில் அந்தப் பொருள் என்ன பெறுமோ அதை மட்டும் தருவது மூன்றாவது முறை. என்னுடையது மூன்றாவது வகை. டிஜிட்டல் பாடிகள் புதிய மாடல் வந்தவுடன் விலை சரிந்துவிடுகின்றன. நல்ல லென்ஸ்கள் அவ்வளவு விரைவாக மதிப்பிழப்பதில்லை. ஆனால் தேய்மானக் கணக்கு இரண்டையும் ஒரே தராசில் நிறுத்தும்போது, லென்ஸில் பெருமளவு முதலீடு செய்தவருக்கு நட்டம் கூடுகிறது. எந்த விகிதத்தில் கழிப்பார்கள் என்பதைப் பாலிசி எடுக்கும் அன்றே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும்.

இதற்கு மேல் ஒன்று உண்டு. பிரீமியம் குறையட்டும் என்று பொருட்களின் மதிப்பை நான் குறைத்து எழுதியிருந்தேன். குறைத்து எழுதினால் அந்தக் குறைந்த தொகையே உச்சவரம்பாகும், அவ்வளவுதானே என்று நினைத்தேன். அப்படியல்ல. பல பாலிசிகளில் விகிதாசாரப் பிரிவு ஒன்று இருக்கிறது. பத்துப் பங்கு மதிப்புள்ள பொருளை ஆறு பங்குக்கு மட்டும் காப்பீடு செய்திருந்தால், மீதி நான்கு பங்குக்கு நாமே காப்பீட்டாளர் என்று அது கொள்கிறது. ஐந்து பங்கு இழப்பு ஏற்பட்டால், ஆறு பங்குக்குள்தானே இருக்கிறது என்று ஐந்தையும் தர மாட்டார்கள். அதில் பத்தில் ஆறு வீதம், அதாவது மூன்று பங்கையே தருவார்கள். இதன் பிறகு, ஒவ்வொரு கோரிக்கையிலும் நாமே ஏற்க வேண்டிய தொடக்கத் தொகை கழிக்கப்படும். பிரீமியத்தில் நான் மிச்சம் பிடித்தது எவ்வளவு என்று பிறகு கணக்குப் பார்த்தேன். அந்தத் தொகையில் ஒரு ஃபில்டர்கூட வாங்க முடியாது.

திருட்டு என்ற சொல்லுக்கும் பாலிசியில் நாம் அறிந்த பொருள் இல்லாமல் போகலாம். வலுக்கட்டாயமாக உள்ளே நுழைந்ததற்கோ வெளியேறியதற்கோ தடயம் இருந்தால்தான் திருட்டு என்று சில பாலிசிகள் வரையறுக்கின்றன. எங்கே, எப்போது, எப்படிப் போனது என்று சொல்ல முடியாத மர்மமான காணாமல்போதலைப் பல பாலிசிகள் ஏற்பதில்லை. கவனிப்பாரின்றி விட்டுச்செல்லும் பொருட்களுக்கும், அதிலும் குறிப்பாக வாகனத்தில் விட்டுச்செல்லும் பொருட்களுக்கும், தனி நிபந்தனைகள் உண்டு. என் நண்பர் ஒருவர் காரின் பின்னிருக்கைக்குக் கீழே பையை வைத்து, மேலே கறுப்புத் துணியைப் போர்த்திவிட்டுக் கால் மணி நேரம் சென்றுவந்தார். திரும்பியபோது பை இல்லை. கண்ணாடியில் கீறல்கூட இல்லை. ரிமோட் சாவியின் சமிக்ஞையை மறிக்கும் சிறு கருவிகளைக் கொண்டு, கார் பூட்டிக்கொள்ளாதபடி செய்யும் திருடர்கள் இருக்கிறார்கள். பொத்தானை அழுத்திவிட்டு நடப்பவருக்குப் பூட்டு விழவில்லை என்பது தெரியாது. அவருடைய பாலிசியோ, பொருள் வெளியே தெரியாதபடி பூட்டிய டிக்கியில் இருக்க வேண்டும், பூட்டு உடைக்கப்பட்டதற்கு அடையாளம் இருக்க வேண்டும் என்று கேட்டது. அவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து நான் பொத்தானை அழுத்திய பிறகு கைப்பிடியை இழுத்துப் பார்க்காமல் காரை விட்டு நகர்வதில்லை. டிக்கியில் பை வைக்க வேண்டியிருந்தால், புறப்படும் இடத்திலேயே வைத்துவிடுகிறேன். போய்ச் சேர்ந்த இடத்தில் டிக்கியைத் திறந்து பையை உள்ளே வைப்பது, பார்த்துக்கொண்டிருப்பவருக்கு நாமே விலாசம் சொல்வதாகும்.

வீட்டுக் காப்பீட்டில் கேமராவும் அடங்கும் என்று நம்பியிருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தக் கேமராவால் ஒரு முறையேனும் கூலி பெற்றிருந்தால், அது தொழில்கருவி என்று சொல்லி விலக்கிவிட இடமுண்டு. படமெடுத்துச் சம்பாதிக்கிறோம் என்பதை விண்ணப்பத்தில் மறைப்பது பெருந்தவறு. காப்பீட்டு ஒப்பந்தமே இரு தரப்பும் முழு உண்மையைச் சொல்லும் என்ற அடிப்படையில் நிற்பது. கடனாக வாங்கிய லென்ஸும் வாடகைக்கு எடுத்த கேமராவும் நம் பாலிசியில் தாமாக அடங்குவதில்லை. நம் கேமராவை வாடகைக்கு விடுவதில் இதைவிடப் பெரிய ஆபத்து இருக்கிறது: போலி அடையாள அட்டையைக் காட்டி வாங்கிச் சென்றவர் திரும்பி வராவிட்டால், நாமாகவே விரும்பிக் கொடுத்த பொருள் என்பதால் அதைத் திருட்டாக ஏற்காத பாலிசிகள் பல. வாடகைக்கு விடுபவர்கள் நம்பிக்கை மோசடிக்கான தனிப் பாதுகாப்பு கிடைக்கிறதா என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

பொருளைக் காப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். காப்பீடு இழப்புக்குப் பிறகு வருவதுதான். பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் ஆன்றி கார்த்தியே பிரெசோன் தம் லைக்கா கேமராவின் பளபளக்கும் உலோகப் பகுதிகளைக் கறுப்பு டேப்பால் மறைத்து வைத்திருந்தார். எதிரே இருப்பவர்கள் கவனிக்காமல் படமெடுப்பதற்காக அவர் செய்தது அது. அதே டேப், பிராண்டின் பெயரையும் மாடல் எண்ணையும் மறைத்துத் திருடனின் கவனத்தையும் திருப்பிவிடுகிறது. கேமராவோடு வரும், நிறுவனத்தின் பெயரைப் பெரிதாகத் தாங்கிய பட்டையைக் கழற்றிவிட்டுச் சாதாரணப் பட்டையை மாட்டியிருக்கிறேன். கேமராப் பை போலத் தோன்றாத பையையே இப்போது தூக்குகிறேன். உட்காரும் இடத்தில் பையின் பட்டையை நாற்காலிக் காலிலோ என் காலிலோ சுற்றிக்கொள்கிறேன். நிகழ்ச்சிகளில் உதவியாளர் இல்லாமல் பையைத் தரையில் வைப்பதே இல்லை. அவர் வராத நாளில், இரண்டு லென்ஸ்களை இடுப்புப் பையில் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிட்டுச் செல்கிறேன். வீட்டு வாசலில் புதிய கேமராவின் காலிப் பெட்டியைக் குப்பையோடு வைப்பதும், வீட்டில் எடுத்த படத்தை இருப்பிடத் தகவல் நீங்காத மூலக் கோப்பாக முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புவதும், வீட்டுக்குள் என்ன இருக்கிறது என்பதையும் வீடு எங்கே இருக்கிறது என்பதையும் அறிவிப்பதற்குச் சமம்.

கைபேசி திருடுபோனால் அதை முடக்கிவிட முடிகிறது. ஆப்பிள் நிறுவனம் 2013இல் கொண்டுவந்த முடக்குப் பூட்டுக்குப் பிறகு, உரிமையாளரின் கடவுச்சொல் தெரியாமல் ஐபோனைத் திருடனால் அப்படியே பயன்படுத்த முடிவதில்லை. ஒவ்வொரு கைபேசிக்கும் உரிய தனி அடையாள எண்ணான ஐஎம்இஐ எண்ணைக் கொண்டு கைபேசி வலைப்பின்னல்களிலிருந்து அதை விலக்கவும் முடிகிறது. அதைவிடப் பல மடங்கு விலையுள்ள கேமராக்களில் பெரும்பாலானவை, பேட்டரியைப் போட்டு இயக்கினால் யார் கையிலும் வேலை செய்கின்றன. 2016 டிசம்பரில் 150க்கும் மேற்பட்ட ஆவணப்பட இயக்குநர்களும் செய்திப் புகைப்படக்காரர்களும் கேமரா நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல் எழுதி, கேமராவில் உள்ள படங்களைக் குறியாக்கம் செய்யும், அதாவது திறவுச்சொல் இல்லாதவர் பார்க்க முடியாதபடி மாற்றும் வசதியைக் கேட்டார்கள். தங்களிடம் தகவல் தந்தவர்களைக் காப்பதற்காக எழுப்பப்பட்ட கோரிக்கை அது. திருட்டைத் தடுக்கும் பூட்டையும் அதே உறுதியோடு நாம் கேட்க வேண்டும் என்றே நான் கருதுகிறேன். திருடிய பொருள் பயன்படாது என்ற நிலை வந்தால்தான் அதற்குச் சந்தையும் இல்லாமல் போகும்.

2021 ஏப்ரலில் வெளிவந்த ஏர்டேக் போன்ற, பொருள் இருக்குமிடத்தைக் கைபேசியில் காட்டும் சிறு கருவிகளான தேடற்குறிகளைப் பலரும் பையில் போட்டு வைக்கிறார்கள். நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அதற்குள் ஜிபிஎஸ் இல்லை. அருகில் செல்லும் கைபேசிகள் அதன் புளூடூத் சமிக்ஞையைப் பெற்று இடத்தைத் தெரிவிக்கின்றன. எனவே ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் அது ஊமையாகிவிடும். பிறரை ரகசியமாகப் பின்தொடர அதைப் பயன்படுத்துவதைத் தடுப்பதற்காக, தெரியாத குறி ஒன்று கூடவே வருகிறது என்ற எச்சரிக்கை திருடனின் கைபேசிக்கும் சென்றுவிடும். பையை எறிந்துவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்துச் செல்வதும் வழக்கம். அதனால் குறியைத் திறந்த பாக்கெட்டில் வைக்காமல், பையின் பஞ்சு மெத்தைக்கு அடியில் தைத்து வைப்பதும், இயன்றால் கேமராவோடு பிணைந்த தகட்டில் பொருத்துவதும் சில மணி நேரத்தையாவது பெற்றுத்தரும். இடம் தெரிந்துவிட்டால் தனியாகச் சென்று கதவைத் தட்டக் கூடாது. அந்தத் தகவலைக் காவல்துறையிடம் கொடுங்கள். ஒரு கேமராவுக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம் என்று உங்களை உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

விமானப் பயணத்தில், நிறுவனத்திடம் ஒப்படைக்கும் பதிவுப் பெட்டியில் கேமராவை வைக்கவே கூடாது. பன்னாட்டுப் பயணங்களுக்கான 1999ஆம் ஆண்டு மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி, பெட்டி தொலைந்தால் விமான நிறுவனத்தின் பொறுப்பு பயணி ஒருவருக்கு இத்தனை என்று வரம்பிடப்பட்டிருக்கிறது. 2024 டிசம்பர் 28 முதல் அந்த வரம்பு 1,519 சிறப்பு எடுப்பு உரிமைகள், அதாவது பன்னாட்டுச் செலாவணி நிதியத்தின் கணக்கு அலகில் சொல்லப்படும் தொகை. நல்ல லென்ஸ் ஒன்றின் விலையே அதைத் தாண்டிவிடும். பெட்டியை ஒப்படைக்கும்போதே அதிக மதிப்பை அறிவித்துக் கூடுதல் கட்டணம் செலுத்த உடன்படிக்கை இடம் தருகிறது. ஆனால் கைப்பையே எளிய வழி. உபரி லித்தியம் பேட்டரிகளை எப்படியும் கைப்பையில்தான் எடுத்துச் செல்ல வேண்டும் என்பது விதி.

எந்தப் பாலிசியும் திருப்பித் தராதது படங்களை. அன்று காலை எடுத்த படங்கள் பையில் இருந்த கார்டுகளோடு போயின. நிகழ்ச்சியை நடத்திய குடும்பத்தினரிடம் சென்று, காலை நிகழ்வின் ஒரு படம்கூட இல்லை என்று சொன்ன அந்தச் சில நிமிடங்கள், இழந்த பொருட்கள் அனைத்தையும்விட எனக்குப் பாரமாக இருந்தன. அவர்கள் கோபப்படவில்லை; அதுவே இன்னும் வலித்தது. இப்போது இரண்டு கார்டு இடமுள்ள பாடிகளையே பயன்படுத்துகிறேன். இரண்டிலும் ஒரே படம் பதிவாகும்படி அமைத்து, நிரம்பிய கார்டுகளில் ஒன்றைப் பையிலும் மற்றொன்றைச் சட்டையின் உள்பாக்கெட்டிலும் வைக்கிறேன்.

திருட்டு நடந்துவிட்டால், வரிசை எண்களோடு காவல்துறையில் புகார் கொடுத்து நகலைப் பெறுங்கள். பாலிசியில் குறித்த கெடுவுக்குள் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவியுங்கள். பழைய கேமராக்களை வாங்கி விற்பவர்களுக்கும் பழுதுபார்க்கும் மையங்களுக்கும் எண்களைக் கொடுத்து வையுங்கள். இன்னொன்றையும் அறிந்திருக்க வேண்டும்: இழப்பீடு முழுவதும் கொடுக்கப்பட்ட பொருள் பின்னர் கிடைத்தால், அது பொதுவாகக் காப்பீட்டு நிறுவனத்துக்கே உரியது, அதைச் சொல்லாமல் வைத்துக்கொள்வது குற்றம்.

ஒன்பது மாதங்கள் கழித்து, பழைய கேமரா வணிகர் ஒருவரிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. பட்டியலில் சேர்க்காமல் விட்ட அதே லென்ஸ், யாரோ விற்க வந்த பொருட்களில் இருந்திருக்கிறது. உருளையில் இருந்த வரிசை எண்ணின் கடைசி இலக்கங்களைச் சுரண்டியிருந்தார்கள். அவர் சந்தேகப்பட்டு, அந்த லென்ஸைத் தம் கேமராவில் மாட்டி ஒரு படம் எடுத்து, கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். நான் கொடுத்திருந்த எண் முழுமையாக அதில் இருந்தது. என் பழைய மூலக் கோப்புகளையும் புகாரின் நகலையும் காட்டிய பிறகு காவல்துறையினர் லென்ஸை என்னிடம் ஒப்படைத்தார்கள். இழப்பீடு பெறாத பொருள் என்பதால் அது எனக்கே உரியது என்று காப்பீட்டு நிறுவனமும் எழுத்தில் உறுதி செய்தது. அன்று மாலையே அதைப் பாலிசியில் சேர்க்கச் சொல்லிக் கடிதம் எழுதினேன்.